வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து எதற்கு?



சில வாரங்களுக்கு முன் நமது சங்கக் காரியாலயத்துக்கு ஒரு அக்கா வந்தார். வலது கை மணிக்கட்டில் மாவுக்கட்டு. இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறிக்கிறவர். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கழிவு என்று சொல்லி நான்கு கிலோ வெட்டியிருக்கிறார்கள். "ஏன் ஐயா, மழையும் இல்லையே, நாலு கிலோ எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். வெளிக்கள உத்தியோகத்தர் தோளைப் பிடித்துத் தள்ளியதில், கூடையோடு கானுக்குள் விழுந்து கை முறிந்தது.

அன்று மாலையே மகனைக் கூட்டிக்கொண்டு டவுன் பொலிஸுக்குப் போனார். அது சரியான காரியம். நடந்ததைத் தமிழில் சொன்னார். மேசையில் இருந்தவர் சிங்களத்தில் எழுதினார். இடையில் மொழிபெயர்த்தவர், அதே நேரத்தில் தோட்ட லொறியில் வந்திறங்கிய ஆபீஸ் உத்தியோகத்தர். "எல்லாம் எழுதியாச்சு அக்கா, சைன் பண்ணுங்க" என்றார். கை முறிந்திருந்ததால் அக்கா இடது கைப் பெருவிரலை வைத்தார்.

பின்னர் நமது சட்டத்தரணி அந்த முறைப்பாட்டின் பிரதியை எடுத்து வாசித்தார். "கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தேன். யார் மீதும் குறை இல்லை. வழக்கு வேண்டாம். பதிவுக்காக மட்டும் சொல்கிறேன்" என்று அதில் இருந்தது. கீழே அக்காவின் பெருவிரல் அடையாளம்.

அவருடைய பெயரையோ தோட்டத்தையோ பொலிஸ் நிலையத்தையோ நாங்கள் எழுதவில்லை. அவர் நாளைக்கும் அதே மலையில் ஏற வேண்டும், அதே மடுவத்தில் நிறுக்க வேண்டும். ஆனால் இதை வாசிக்கும் ஒவ்வொரு தோட்டத்திலும் "இது எங்கள் கதையல்லவா?" என்று கேட்கும் யாராவது இருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

"பொலிஸில் தமிழ் தெரிந்தவர்கள் இல்லை, என்ன செய்வது?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் அதோடு நிறுத்திவிடுகிறோம். நாற்பது வருடத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவைப் பாருங்கள். வாய்மொழியாகச் சொல்லப்படும் முறைப்பாட்டை, அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத உத்தியோகத்தருக்கு முடியாவிட்டால், முறைப்பாட்டாளர் தம் சொந்த மொழியில் தாமே எழுதித் தரும்படி அவர் கேட்க வேண்டும். "எனக்கு எழுத முடியாது" என்று முறைப்பாட்டாளர் சொன்னால் மட்டுமே வேறு தேசிய மொழியில் பதியலாம். அப்போதும் ஏன் அப்படிப் பதிகிறேன் என்ற காரணத்தை எழுதிவைத்து, பதிந்ததை முறைப்பாட்டாளருக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும்.

இதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். தமிழ் எழுதத் தெரியாத பொலிஸ்காரர் உங்கள் கையில் வெள்ளைத்தாளைத் தந்து, "நீங்களே உங்கள் மொழியில் எழுதுங்கள்" என்று சொல்லக் கடமைப்பட்டவர். நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு தாள் நீட்டப்பட்டிருக்கிறது?

அரசியலமைப்பும் இதையே வேறு வழியில் சொல்கிறது. 1987 இல் கொண்டுவரப்பட்ட 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நிர்வாக மொழி சிங்களமாக உள்ள இடத்திலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் பார்க்க நமக்கு உரித்து உண்டு. அதற்கு மேலாக, நுவரெலியா மாவட்டத்தின் அம்பகமுவ, நுவரெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. ஆகவே நாம் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பதில் சலுகை எதுவும் இல்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள், முதலில் தங்களுக்குரிய சட்டத்தை நடைமுறைப்படுத்தட்டும் என்றுதான் கேட்கிறோம்.

சட்டம் நம்மிடம் எப்படி வந்தது?

நமது ஆட்கள் ஏன் பொலிஸ் படியில் கால் வைத்ததும் வாயடைத்துப் போகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. காரணம் பழையது.

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் சட்டம் தொழிலாளியைக் காப்பாற்ற மலைக்கு வரவில்லை, கட்டிப்போடத்தான் வந்தது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டத்தின் கீழ், அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது குற்றம். அதற்குச் சிறை. துரை சம்பளம் கொடுக்காவிட்டால் அது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, தொழிலாளி வேலைக்குப் போகாவிட்டால் அது பொலிஸ் விஷயம். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக துரை எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். அதில் கடன் கணக்கு எவ்வளவு என்று இருக்கும். தொழிலாளிக்கு அதை வாசிக்கத் தெரியாது. துண்டு முறை 1921 இல்தான் ஒழிந்தது. வாசிக்கத் தெரியாத தாளுக்கு நம் வாழ்க்கை கட்டுப்பட்ட கதை அங்கே தொடங்குகிறது.

பிறகு 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோம். கையில் ஒரு அடையாளமும் இல்லாதவன் பொலிஸுக்குப் போய் எப்படி முறைப்பாடு செய்வான்? போனவனிடம் முதலில் கேட்டது, "நீ யார், உன் துண்டு எங்கே?" என்பதுதானே. அடையாள அட்டை வந்துவிட்டது, பயம் மட்டும் போகவில்லை. நாம் இருக்கும் லயக் காம்பரா கூட நம் பெயரில் இல்லாதபோது பயம் எப்படிப் போகும்?

தாளில் ஏறியவையும் ஏறாதவையும்

ஆனால் இந்த மலையின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. அதிகாரத்தைச் சட்டத்தின் முன் நிறுத்திய நாட்களும் இங்கே நடந்திருக்கின்றன.

1936 இல் பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் மடுல்கெலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் தேயிலைத் தொழில் பழக வந்தார். வந்தவர் துரைமார் பக்கம் நிற்காமல் தொழிலாளர் பக்கம் நின்றார். நாவலப்பிட்டியில் மேடையேறித் துரைமாரின் கொடுமையைப் பேசினார். ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். பொலிஸ் பிடித்தது. ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாட்டில் அவசரநிலை இல்லாதபோது அந்த அதிகாரத்தைப் பாவிக்க ஆளுநருக்கு முடியாது என்று பிரதம நீதியரசர் ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் அவரை விடுவித்தது. வெள்ளைக்கார ஆளுநரின் கையெழுத்தையே ஒரு மனு தடுத்து நிறுத்தியது.

1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டம். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். வேறு காலமாக இருந்தால் 'கலகக்காரன் ஒருவன் இறந்தான்' என்று ஒரு வரியில் கதை முடிந்திருக்கும். அன்று முடியவில்லை. விசாரணை ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கோவிந்தனின் மனைவிக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா ஆஜராகி, சுட்ட பொலிஸாரைக் குறுக்கு விசாரணை செய்தார். தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைக்கச் சொன்ன உள்நாட்டு அமைச்சரின் பணிப்பைப் பொலிஸ் மா அதிபர் ஏற்காமல் விட, ஆளுநர் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி விலகினார்கள். பொலிஸ் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இந்த நாட்டின் அரசாங்கத்தையே ஆட்டியது. அந்தக் கேள்வியைக் கிளப்பியது ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு.

1977 மே 11 இல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை எடுத்துப் பகிர்ந்துகொடுக்கும் திட்டத்துக்கு எதிராகத் தொழிலாளர் திரண்டபோது பொலிஸ் துப்பாக்கியால் பதில் சொன்னது. ஒவ்வொரு மே மாதமும் அவர் பெயரைச் சொல்கிறோம், மாலை போடுகிறோம். சுட்டவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

2000 ஒக்டோபர் 25. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். அரசின் பாதுகாப்பில் இருந்த தமிழ் இளைஞர்கள் 25 க்கும் மேற்பட்டோர் கும்பலால் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் தாங்கிய பொலிஸார் பல பேர் அந்த இடத்தில் இருந்தார்கள். தடுக்கவில்லை. ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது. 2003 இல் மேல் நீதிமன்றம், பொலிஸ் உத்தியோகத்தர்களும் அடங்கலாக ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 இல் மேன்முறையீடு முடிந்தபோது தண்டனை பெற்ற ஒருவர்கூடச் சிறையில் இல்லை, எல்லோரும் விடுதலை. இத்தனை உயிர் போயும் ஒருவரும் குற்றவாளி இல்லை என்றால், அந்த விசாரணையில் எங்கோ பெரிய ஓட்டை இருந்திருக்கிறது என்பதைச் சொல்லச் சட்டத்தரணி வேண்டியதில்லை.

2023 மே மாதம். பதுளை மாவட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன நமது சகோதரி ஒருவர். எஜமானியின் நகை காணவில்லை என்ற முறைப்பாட்டில் வெலிக்கடை பொலிஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. காவலில் இருக்கும்போதே உயிர் போனது. நகைக்காரியின் வார்த்தைக்கு அன்றே வாகனம் ஓடியது. அதே பெண் முதல் நாள் பொலிஸுக்குப் போய், "அம்மா என்னை அடிக்கிறா" என்று சொல்லியிருந்தால் எந்த வாகனம் ஓடியிருக்கும்?

இந்த வித்தியாசத்தை நாம் தோட்டத்திலும் பார்க்கிறோம். 2021 இல் சாமிமலை ஓல்டன் தோட்டத்தில் நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் தகராறு வந்தபோது, நிர்வாகத்தின் முறைப்பாட்டின் பேரில் தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டு நீதிமன்றம் ஏறினார்கள். 38 பேர் வேலையும் இழந்தார்கள். துரை ஆபீஸிலிருந்து போகும் தொலைபேசி அழைப்புக்குப் பொலிஸ் ஜீப் வருகிறது. பிரட்டுக்களத்திலிருந்து நடந்து போகும் தொழிலாளிக்கு "நாளைக்கு வா" என்ற பதில்தான் வருகிறது.

மிரிஹானையில் நடந்தது நமக்குச் சொல்வது என்ன?

"பொலிஸோடு மோதி யார் ஜெயித்தார்கள்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். ஒருவர் ஜெயித்திருக்கிறார். அவர் அமைச்சரோ முதலாளியோ கிடையாது. ஓய்வு பெற்ற ஒரு இராணுவச் சிப்பாய்.

2010 இன் இறுதியில் திருட்டுச் சந்தேகம் என்று சொல்லி அவரைப் பிடித்து மிரிஹானை பொலிஸில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள். அவர் அடிப்படை உரிமை மனுப் போட்டார். பதின்மூன்று வருடம் இழுத்தது. 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம், அவர் சித்திரவதை செய்யப்பட்டார் என்று தீர்ப்பளித்தது. குற்றம் காணப்பட்டவர்களில் அப்போது பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னகோனும் ஒருவர். தங்கள் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதற்குப் பிறகும் 2024 இல் அவரையே பொலிஸ் மா அதிபராக நிரந்தரமாக்கினார்கள். ஜூலை மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் அவர் அந்தப் பதவியில் செயற்படுவதைத் தடுத்தது. 2025 ஆகஸ்ட் 5 ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. நீக்கியது வேறு பல குற்றச்சாட்டுகளையும் விசாரித்துத்தான். ஆனாலும் மேலே இருப்பவர் யாரானாலும் கேள்வி கேட்க முடியும் என்பதை நாடு முதலில் அறிந்தது அந்தத் தீர்ப்பினால்தான்.

அவர் எப்படி ஜெயித்தார்? நடந்ததை எழுதிவைத்தார். காயத்தை வைத்தியரிடம் காட்டிப் பதிவாக்கினார். நேரத்துக்கு மனுப் போட்டார். விடாமல் நின்றார். இந்த நான்கில் எதுவும் பணக்காரருக்கு மட்டும் முடிந்த காரியம் இல்லை.

பதின்மூன்று வருடம் என்பது அநியாயம். அதையும் சொல்கிறோம். நியாயம் கிடைக்க ஒரு பிள்ளை பிறந்து எட்டாம் வகுப்புக்கு வரும் காலம் எடுக்குமானால், அந்த முறை திருந்த வேண்டும். ஆனால் தாள் இல்லாத வழக்கு நூறு வருடம் போனாலும் தொடங்கவே தொடங்காது.

நமது பக்கத்துக் குற்றம்

இனி நமக்குள் பேச வேண்டியதைப் பேசுவோம். பிற சங்கங்களை மட்டும் சொல்லவில்லை, நம்மையும் சேர்த்துத்தான்.

தொழிலாளியைப் பொலிஸ் பிடித்தால் தோட்டக் கமிட்டித் தலைவருக்கு அழைப்பு வருகிறது. தலைவர் மாவட்டத் தலைவருக்கு எடுக்கிறார். மாவட்டத் தலைவர் பொறுப்பதிகாரிக்கு எடுக்கிறார். "ஆளை விட்டுவிடுங்கள் சேர், நாங்கள் பேசித் தீர்க்கிறோம்." ஆள் வெளியில் வருகிறார். தலைவருக்குப் பெயர். பொறுப்பதிகாரிக்கு நன்றி. அடி வாங்கியவனுக்கு என்ன கிடைத்தது? உரிமையாகக் கிடைக்க வேண்டியது தயவாகக் கிடைத்தது. அடுத்த தேர்தலில் அந்தத் தயவுக்கு வட்டியும் கட்ட வேண்டும்.

பொறுப்பதிகாரியின் அறையில் நமக்குக் கதிரை போட்டுப் பிளேன்டீ தருகிறார்கள் என்பதால், வெளியே வாங்கில் இருக்கும் தொழிலாளியின் முறைப்பாடு தமிழில் எழுதப்படுகிறதா என்று எட்டிப் பார்க்க மறந்துவிடுகிறோம். அந்த அக்கா பொலிஸுக்குப் போன மாலையில் நமது சங்கத்திலிருந்தும் யாரும் கூடப் போகவில்லை. சந்தா மாதா மாதம் வெட்டப்படுகிறது. கூட நடக்க ஆள் இல்லை. இதை ஒத்துக்கொள்ளாமல் பொலிஸைத் திட்டுவதில் நேர்மை இல்லை.

இன்னொன்று. பெண்கள் வீட்டு அடிதடிக்கு முறைப்பாடு செய்யப் போனால், "குடும்ப விஷயம், போய்ச் சமாதானமாக இருங்கள்" என்று பொலிஸ் திருப்பி அனுப்புகிறது. அதே வார்த்தையை நமது தலைவர்களும் சொல்கிறார்கள். பொலிஸின் 'சமாதானம்' பிழை என்றால் நமது 'சமாதானமும்' பிழைதான்.

பாடசாலைகளிலும் குறை உண்டு. லீவுக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம், வேலைக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம். முறைப்பாட்டுக் கடிதமும் பாடத்தில் வருகிறது, வீதி விளக்கு எரியவில்லை என்று எழுதப் பழக்குகிறோம். "என்னை இன்னார் அடித்தார்" என்று திகதி, நேரம், இடம், சாட்சியோடு எழுத ஒரு பிள்ளைக்கும் பழக்கவில்லை. அந்தப் பிள்ளையின் தாய்க்குத்தான் நாளைக்கு அது தேவைப்படும்.

"அப்படியென்றால் பொலிஸே வேண்டாமா?"

வேண்டும். கசிப்புக் காய்ச்சுகிறவனையும் பிள்ளைகளுக்குப் போதை விற்கிறவனையும் பிடிக்கப் பொலிஸ் வேண்டும். இரவில் லயத்துக்குள் கத்தியோடு வருகிறவனைத் தடுக்கப் பொலிஸ் வேண்டும். தமிழில் நன்றாகப் பேசி, பொறுமையாகக் கேட்டு எழுதும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்கிறோம்.

நாம் கேட்பது சட்டம் குறைய வேண்டும் என்றல்ல, முழுதாக வர வேண்டும் என்று. கொழுந்து திருடியதாகச் சொல்லப்படுகிறவனுக்கும் சட்டம் வேண்டும். அவன் குற்றம் செய்திருந்தால் நீதவான் தண்டிக்கட்டும். பொலிஸ் கூண்டுக்குள் யாரும் அவனைத் தொடக்கூடாது. அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. மற்ற உரிமைகள் பலவற்றுக்கு மட்டுப்பாடு விதிக்க அரசியலமைப்பே இடம் தருகிறது. இதற்கு அப்படி ஒரு இடமும் இல்லை. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தின் கீழ், சித்திரவதை செய்யும் உத்தியோகத்தருக்குக் குறைந்தது 7 வருடம், கூடியது 10 வருடம் சிறை. "ரெண்டு தட்டுத் தட்டினால்தான் உண்மை வரும்" என்று நமது ஆட்களே சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இன்றைக்கு அடுத்த லயத்துப் பையனுக்கு விழும் தட்டு நாளைக்கு உங்கள் மகனுக்கு விழும்.

இனிச் செய்ய வேண்டியது

இதை வெட்டி லயத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

1. பொலிஸுக்குத் தனியே போகாதீர்கள். கமிட்டி உறுப்பினர் ஒருவரும் மாதர் சங்கத்திலிருந்து ஒருவரும் கூடப் போக வேண்டும்.

2. போகுமுன் வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். திகதி, நேரம், இடம், யார், என்ன, யார் பார்த்தது. எழுத முடியாதவருக்குப் பிள்ளை எழுதட்டும். இரண்டு பிரதி எழுதுங்கள், ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

3. வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்தோ பெருவிரலோ வைக்காதீர்கள். "109 ஆம் பிரிவுப்படி தமிழில் எழுதுங்கள், அல்லது நான் எழுதித் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு ஆள் மொழிபெயர்க்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

4. முறைப்பாட்டின் இலக்கம், திகதி, எழுதியவரின் பெயர் அல்லது இலக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

5. அடி, காயம் இருந்தால் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தோட்ட மருந்துச்சாலையில் மருந்து கட்டியது மட்டும் போதாது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை தேவை. எப்படிக் காயம் வந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

6. கைது செய்தால் காரணம் கேளுங்கள். காரணத்தைச் சொல்ல வேண்டியது அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரைப்படி கடமை. சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பெண்ணைப் பெண் உத்தியோகத்தர்தான் சோதனை செய்ய வேண்டும். பொலிஸ் நிலையத்தில் உங்கள் சார்பில் சட்டத்தரணி ஆஜராக 2012 ஆம் ஆண்டு வர்த்தமானி விதிகள் இடம் தருகின்றன.

7. அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட ஒரு மாதம்தான் உண்டு. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையில் நடக்கிறதா என்பதற்கு நீதிமன்றம் சான்று கேட்கும். ஆகவே கடிதத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். ஆணைக்குழுவின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு.

8. தமிழில் எழுத மறுத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அந்தக் கடிதத்தைச் சங்கம் எழுதித் தரும்.

நமது கோரிக்கை

தோட்டப் பகுதிகளில் உள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும், இரவும் பகலும், தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர் கடமையில் இருக்க வேண்டும். அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். 109 ஆம் பிரிவின் வாசகத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் முறைப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட வேண்டும். தொழில் தகராறுகளில் தோட்ட நிர்வாகத்தின் வாகனத்தில் பொலிஸார் வருவதும், நிர்வாகத்தின் ஆட்கள் மொழிபெயர்ப்பதும் நிற்க வேண்டும். பொலிஸுக்கு எதிரான முறைப்பாட்டை அதே பொலிஸ் நிலையம் விசாரிக்கக் கூடாது.

சங்கத்துக்குள்ளும் ஒரு கோரிக்கை வைக்கிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பொலிஸுக்குக் கூடப் போக இரண்டு பேரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஒரு முறைப்பாட்டுப் பதிவுப் புத்தகம் வைத்து, யார் போனார், எப்போது போனார், எந்த மொழியில் எழுதினார்கள் என்று குறித்துவைக்க வேண்டும். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் அந்தப் புத்தகங்களை மேசையில் வைத்துத்தான் பேச்சுத் தொடங்க வேண்டும்.

அந்த அக்காவின் விஷயத்தையும் சொல்லி முடிக்கிறோம். நாங்கள் அவரை உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்ல, தமிழில் புதிதாக எழுதினோம். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினோம். ஒரு இடத்தில் நிறுத்தினார். "மூணு கிலோன்னு எழுதியிருக்கீங்க. நாலு கிலோ வெட்டினாங்க" என்று திருத்தினார். திருத்தி எழுதினோம். அதன் பிறகுதான் பெருவிரல் வைத்தார்.

இம்முறை நாங்கள் கூடப் போனோம். மேசையில் இருந்தவர் முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கடிதத்தை வாங்கி இலக்கம் போட்டுத் தந்தார். வழக்கு எங்கே போகும் என்று இன்னும் சொல்ல முடியாது. ஆனால் இப்போது அந்தப் பதிவில் இருப்பது அவர் சொன்ன வார்த்தை.

முன்னே ஒரு துண்டுக்காகக் கை கட்டி நின்றோம். இனி எந்தத் தாளாக இருந்தாலும் வாசித்த பிறகுதான் கை வைப்போம்.

ஒன்றுபடுவோம்! எழுதிவைப்போம்! பதில் கேட்போம்!